20 நாள் ஊருக்குப் போறீங்க, பால்கனி மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துறது?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ நிதானமா படிச்சேன். பினாங்கு பாயான் பாருல 14-வது மாடி, பால்கனியில 9 சாடி, கறிவேப்பில, எலுமிச்ச, மாதுள, முருங்க, ரெண்டு காகிதப்பூ, செம்பருத்தி, மல்லிகை, ஒரு ஆடினியம். ஜனவரி 5 கெளம்பி தஞ்சாவூர் பக்கம் பொங்கலுக்கு போயிட்டு 20 நாள் கழிச்சு வர்றீங்க, பால்கனியில பைப்பு இல்ல, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா மக்சிக்கும் அந்த நேரம் கிளந்தானுக்கு போயிருவாங்க, ஷோப்பி ஆன்லைன் கடையில 35 வெள்ளிக்கு (ரிங்கிட்), நேரம் வச்சா தொட்டியிலேர்ந்து டியூப் வழியா தானா தண்ணி விடுற ஒரு ஆட்டோமேட்டிக் பம்பு செட்டு பாத்தேன், வாங்கி மாட்டிட்டு கெளம்பிரலாமான்னு கேட்டிருக்கீங்க. வாங்கலாம் தம்பி, அது நல்ல சாமான்தான், ஆனா இன்னிக்கே வாங்குங்க. அந்த செட்டு குறைஞ்சது ஒரு வாரம், நீங்க கையால ஒரு சொட்டு கூட ஊத்தாம, நீங்க வீட்டுல இருக்கறப்பவே முழுசா ஓடணும். அப்படி ஓடாத எதையும் நம்பி மரத்த விட்டுட்டு போகாதீங்க.

இத நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நான் ஆயர் ஈத்தாம்ல ப்ளாட்டுல 19 வருஷமா சாடியிலதான் மரம் வளக்குறேன். 2016 டிசம்பர்ல 17 நாள் ஊருக்கு போனப்ப இதே மாதிரி ஒரு பம்பு செட்டு வாங்கி மாட்டுனேன், கெளம்புறதுக்கு மொத நாள் சாயங்காலம் ஒரு தடவ ஓட விட்டு பாத்தேன், எல்லா சாடியிலயும் தண்ணி சொட்டுச்சு, சரின்னு கெளம்பிட்டேன். அன்னிக்கு ராத்திரியே தோங்குல, அதான் தண்ணி ட்ரம்முல, இருந்த 60 லிட்டர்ல பெரும்பகுதி எறங்கி ஓடிருச்சு, மிச்சமும் சில நாள்ல முடிஞ்சு, அதுக்கப்புறம் மரங்களுக்கு ஒரு சொட்டு இல்ல. எங்கம்மா கெடா பக்கம் தோட்டத்துலேர்ந்து வர்றப்ப மைலோ டின்னுல வச்சு கொண்டு வந்த கறிவேப்பில அது, நான் கதவத் தொறந்து பாத்தப்ப குச்சிதான் நின்னுச்சு. வேர்லேர்ந்து ஒரே ஒரு பக்கக்கன்னு மூணு மாசம் கழிச்சு மொளச்சு வந்துச்சு, இப்ப என் பால்கனியில இருக்கறது அதுதான். பம்பு மேல ஒரு குத்தமும் இல்ல, தண்ணி ஏன் ஓடுச்சுங்கற விஷயத்த கீழ விவரமா சொல்றேன், ஏன்னா அதே மாதிரி உயரமான தோங்குல தண்ணி வச்சா உங்களுக்கும் அதேதான் நடக்கும்.

மொதல்ல செட்ட மறந்துட்டு ஒரு வேலை பண்ணுங்க, உங்க மரம் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குதுன்னு அளந்து பாருங்க. இத யாருமே பண்றதில்ல, எல்லாரும் எந்த செட்டு நல்லதுன்னுதான் கேக்கறாங்க. சின்ன சாடின்னா ஆளு எடை பாக்குற மிஷின்ல வைக்கலாம், நல்லா தண்ணி ஊத்தி, அடியில சொட்டுறது நின்னதும் எடை பாருங்க, மறுநாள் அதே நேரத்துக்கு திரும்ப பாருங்க, 400 கிராம் கொறஞ்சிருந்தா 400 மில்லி போயிருக்குன்னு அர்த்தம், தண்ணிக்கு ஒரு கிலோன்னா ஒரு லிட்டர், கணக்கு அவ்வளவுதான். பெரிய சாடிய தூக்க முடியாது, அதுக்கு வேற வழி. இன்னிக்கு நெறைய ஊத்துங்க, நாளைக்கு அதே நேரம் அளவு போட்ட பாட்டில்ல மெதுவா ஊத்திக்கிட்டே வாங்க, அடியில மொத சொட்டு வர்ற வரைக்கும் எவ்வளவு உள்ள போச்சோ கிட்டத்தட்ட அதுதான் ஒரு நாள் குடி. நல்லா வெயில் அடிக்கிற நாளா பாத்து பண்ணுங்க, மேகம் போட்ட நாள்ல அளந்தா ஏமாந்துருவீங்க.

ஜனவரிங்கறத மனசுல வச்சுக்கோங்க. அந்த மாசம் வடகிழக்குக் காத்து கொண்டு வர்ற மழையெல்லாம் கிழக்குக் கரையில கிளந்தான், திரெங்கானு பக்கம் கொட்டிருது, நடுவுல தித்திவாங்சா மலை நிக்குது, நம்ம பினாங்கு பக்கம் ஜனவரியும் பிப்ரவரியும்தான் வருஷத்துலயே காஞ்ச மாசம். மக்சிக் ஊருல வெள்ளம்னு செய்தி வர்ற அதே வாரம் நம்ம பால்கனியில மண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கும். இன்னொண்ணு, மழை வந்தாலும் மேல் மாடி பால்கனிக்கு கூரை இருக்கு, சாரல் மட்டும்தான் வரும், அதையும் எலுமிச்ச மாதிரி அடர்த்தியா எலை வச்ச மரம் கொடை மாதிரி சாடிக்கு வெளிய தள்ளிரும். மழைய கணக்குல சேக்கவே சேக்காதீங்க.

உங்க ஒம்போது சாடியும் ஒரே மாதிரி இல்ல. ஆடினியம் அந்த தடிச்ச அடித்தண்டுல தண்ணி சேத்து வச்சிருக்கும், 20 நாள் அதுக்கு ஒண்ணுமே இல்ல, அதுக்கு டியூப் போட்டீங்கன்னாதான் அழுகி செத்துப்போகும். காகிதப்பூ காச்சல தாங்கும், கொஞ்சம் காஞ்சா இன்னும் நல்லா பூக்கும். முருங்கைக்கும் வேர் கெழங்கு மாதிரி பருத்திருக்கும், தண்ணி கொறஞ்சா எலைய உதுத்துட்டு பேசாம நிக்கும், திரும்பி வந்து ஊத்துனா துளிர்க்கும். கறிவேப்பில நடுத்தரம், ஆனா அது அடியில தண்ணி தேங்குறத காச்சல விட மோசமா எடுத்துக்கும். மாதுளையில காய் இருந்தா ஒரு விஷயம், நல்லா காய விட்டு திடீர்னு நெறைய ஊத்துனா காய் வெடிச்சிரும், அதுக்கு கொஞ்சமா இருந்தாலும் தெனமும் போகணும். உங்க பால்கனியில கவலப்பட வேண்டிய ஆளுங்க மூணே பேருதான், எலுமிச்ச, செம்பருத்தி, மல்லி. எலுமிச்ச காஞ்சுச்சுன்னா மொதல்ல பிஞ்ச உதுக்கும், அப்புறம் எலைய, அப்புறம் நுனிக்கிளை காயும், அதுலேர்ந்து மீண்டு வர வருஷம் ஆகும்.

அளந்தாச்சா, அடுத்தது தாகத்த கொறைக்கணும். இதுக்கு காசே செலவில்ல, ஆனா பாதி வேலை இங்கதான் முடியுது. எல்லா சாடியையும் பால்கனி விளிம்புலேர்ந்து உள்ள இழுத்து, மத்தியான வெயில் படாத செவுத்தோரமா ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வைங்க, 14-வது மாடியில வெயில விட காத்துதான் நெறைய தண்ணிய குடிக்குது, நெருக்கி வச்சா ஒண்ணு விடுற ஈரம் இன்னொண்ணுக்கு உதவும். என் எலுமிச்ச 40 செண்டிமீட்டர் சாடியில இருக்கு, விளிம்புல வச்சா ஒரு நாளைக்கு 1.2 லிட்டர், உள்ள இழுத்தா 700 மில்லிதான். ஆனா இத கெளம்புற அன்னிக்கு பண்ணாதீங்க, பத்து நாள் முன்னாடியே நகத்திருங்க, மரத்துக்கும் பழகணும், உங்க அளவும் அந்த எடத்துல எடுத்ததா இருக்கணும். கறுப்பு பிளாஸ்டிக் சாடி வெயில்ல கொதிக்கும், அத நடுவுல வச்சு வெளிர் நிறச் சாடிய வெளிப்பக்கம் வைங்க. செம்பருத்தியில மூணுல ஒரு பங்கு வெட்டி விடலாம், அத ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பண்ணிருங்க. எலுமிச்சையில பழுத்தது, பெருத்தது எல்லாத்தையும் பறிச்சு ஊறுகா போட்டுருங்க. கெளம்புறதுக்கு முன்ன நல்லா இருக்கட்டும்னு உரம் போடுறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு போடாதீங்க, புதுத் துளிர் வந்தா தண்ணி இன்னும் கூடத்தான் வேணும், மண்ணு காயுறப்ப உரத்தோட உப்பு வேர சுட்டுரும்.

மண்ணு மேல தேங்கா மட்டைய சின்னச் சின்னதா வெட்டி நாலஞ்சு செண்டிமீட்டர் கனத்துக்கு பரப்புங்க, தேங்கா கடையில கேட்டா மட்டைய சும்மாவே குடுப்பாங்க, தண்டத் தொடாம சுத்தி மட்டும் போடுங்க. அதுக்கு முன்னாடி மண்ண பாருங்க, இங்க கடையில விக்கிற கலவையில பாதிக்கு மேல கோக்கோபீட்தான், அதான் தேங்கா நார்த்தூள், கூட கொஞ்சம் செக்காம் பாக்கார், அதான் கருக்குன நெல் உமி. கோக்கோபீட் ஒரு தடவ நல்லா காஞ்சு போச்சுன்னா சுருங்கி சாடி ஓரத்துல இடைவெளி விட்டுரும், அப்புறம் நீங்க ஊத்துற தண்ணி அந்த இடைவெளி வழியா நேரா அடியில ஓடிரும், நடுவுல வேர் இருக்குற உருண்டை காஞ்சே கெடக்கும், அடியில தண்ணி வந்துருச்சு போதும்னு நீங்க நெனச்சுக்குவீங்க. அதனால சின்ன சாடிகள வாளித் தண்ணியில முக்கி, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் வச்சு எடுங்க, பெரிய சாடிக்கு அரை மணி நேரம் விட்டு விட்டு மூணு தடவ மெதுவா ஊத்துங்க. எந்த ஆட்டோமேட்டிக் செட்டும் காஞ்ச மண்ண நனைக்காது, நனைஞ்ச மண்ண காயாம பாத்துக்க மட்டும்தான் அதால முடியும்.

இப்ப எது வைக்கிறதுன்னு வருவோம். பாட்டில கவுத்து வைக்கிறது, கலர் கலரா கண்ணாடிக் குமிழ், தண்ணி குடிச்சு உப்புற ஜெல்லு, இதெல்லாம் மேசை மேல வைக்கிற சின்னச் செடிக்கு மூணு நாள் தாங்கும், அவ்வளவுதான். 1.5 லிட்டர் பாட்டில் உங்க எலுமிச்சைக்கு ரெண்டு நாள் குடி, 20 நாளுக்கு அது எந்த மூலைக்கு? சாடிய பேசின்ல தண்ணி வச்சு நிக்க விடுறதையும் செய்யாதீங்க, வேர் மூச்சு முட்டி அழுகும், கொசு வேற, அதுக்கு தனியா வர்றேன்.

திரி போடுறது நல்ல வழி, மல்லிக்கும் செம்பருத்திக்கும் கூடுதல் பாதுகாப்பா வைக்கலாம். பருத்திக் கயிறு நம்ம சூட்டுக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் மக்கி அறுந்துரும், பாலியஸ்டர் கயிறு இல்லன்னா நைலான் நூல் முறுக்கி போடுங்க, ஒரு சாடிக்கு ரெண்டு மூணு திரி. திரிய மண்ணுக்குள்ள ஒரு சாண் ஆழத்துக்கு புதைச்சு, அதையும் மொதல்லயே நனைச்சு வைக்கணும், காஞ்ச திரி தண்ணிய ஏத்தாது. தண்ணிப் பாத்திரம் சாடிய விட கீழ இருக்கணும், ரொம்பக் கீழயும் இல்ல, 15 செண்டிமீட்டருக்கு மேல ஏறுறது சிரமம். பாத்திரத்த சாடிய விட மேல வச்சா திரி வழியாவே தண்ணி வழிஞ்சு பாத்திரம் காலியாயிரும்.

மண்பானையும் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. மெருகு பூசாத சின்னப் பானைய கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு, தண்ணி நெரப்பி மூடி வைக்கணும். சுத்தி இருக்குற மண்ணு காயக் காய பானையோட சொவரு வழியா தண்ணிய உறிஞ்சிக்கும், மண்ணு ஈரமா இருந்தா உறிஞ்சுறது தானா கொறைஞ்சிரும், பேட்டரி கெடையாது, டைமர் கெடையாது, மரமே தனக்கு வேணுங்கறத எடுத்துக்குது. சீனாவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இப்படி பானை புதைச்சு வெவசாயம் பண்ணத எழுதி வச்சிருக்காங்க. பானைக்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல பொங்கல் நேரத்துல கெடைக்கிறதே போதும், குவாலா சிலாங்கூர்ல கம்போங் குவாந்தான் பக்கம் பானையும் அகல்விளக்கும் செய்யிற நம்ம ஆளுங்க இன்னும் இருக்காங்க. பெயிண்ட் அடிச்ச பானை மட்டும் வேணாம், துவாரம் அடைபட்டிருக்கும். சாதாப் பானையையும் சோதிச்சிருங்க, ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலையில வெளிப்பக்கம் வேர்த்திருக்கணும். ஆனா உங்க வெஷயத்துல ரெண்டு கஷ்டம் இருக்கு. வேர் நெறஞ்ச சாடியில இப்ப பானை புதைக்க தோண்டுனா வேர அறுத்துருவீங்க, அது சாடி மாத்துறப்ப பண்ற வேலை. அப்புறம் ஒன்றரை லிட்டர் பானைக்கு ரெண்டு மூணு நாள்தான் ஆயுசு. அடுத்த வருஷம் சாடி மாத்துறப்ப யோசிங்க, இந்த ஜனவரிக்கு பம்புதான்.

சரி, பம்பு. நான் அன்னிக்கு தோத்தது சைபன்ல. காடியிலேர்ந்து பெட்ரோல் எடுக்க டியூப வாயில வச்சு ஒரு இழு இழுத்து விடுவாங்களே, ஒரு தடவ ஓட ஆரம்பிச்சா நிக்காம வரும்ல, அதேதான் இது. தோங்குல தண்ணி மட்டம் சாடியில டியூப் முடியிற எடத்த விட மேல இருந்தா, பம்பு ஓடி நின்னதுக்கப்புறமும் தண்ணி தானா எறங்கிக்கிட்டே இருக்கும், தோங் மட்டம் அந்த முனைக்கு கீழ வர்ற வரைக்கும் நிக்காது. இந்த சின்ன பம்பு பல மாடல்ல நின்ன பிறகு வழிய முழுசா அடைக்கிறதில்ல. நான் மொத நாள் சோதிச்சப்ப தோங்குல கால்வாசிதான் தண்ணி இருந்துச்சு, மட்டம் கீழ, அதனால பம்பு நின்னதும் தண்ணியும் நின்னுச்சு. கெளம்புறப்ப முழுசா நெரப்பிட்டு போனேன், மட்டம் மேல ஏறிருச்சு. கடைசியா கிடந்த கொஞ்சம் தண்ணியும் அடுத்தடுத்த நாள்ல பம்பு ஓடி முடிஞ்சிருச்சு.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் செய்ங்க. ஒண்ணு, உயரமான தோங்குக்கு பதிலா மூடி போட்ட தாழ்வான அகலமான பிளாஸ்டிக் பெட்டி ரெண்டு எடுங்க, சாடிங்கள செங்கல் மேல ஏத்தி வைங்க, டியூப் முனை எல்லாம் பெட்டி விளிம்ப விட மேல இருக்கட்டும். ரெண்டு பெட்டிக்கும் ஒரே பம்புதான்னா ஒரு பெட்டி காஞ்சு போகும், அதனால பெட்டிக்கு ஒரு பம்பு, பாதிப் பாதி சாடி, அப்படி பிரிச்சா ஒண்ணு நின்னாலும் எல்லாம் போகாது. ரெண்டாவது, பம்புலேர்ந்து வர்ற பெரிய டியூப்ல, பெட்டிக்கு உள்ளயே, ஆனா தண்ணி முழுசா நெறஞ்சாலும் தொடாத உயரத்துல ஊசியால சின்னதா ஒரு ஓட்டை போடுங்க. பம்பு ஓடுறப்ப அதுலேர்ந்து கொஞ்சம் பீச்சி பெட்டிக்குள்ளயே விழும், நஷ்டம் இல்ல, பம்பு நின்னதும் அந்த ஓட்டை வழியா காத்து புகுந்து சைபன் அறுந்துரும். சோதிக்கிறப்ப பெட்டிய விளிம்பு வரைக்கும் நெரப்பி சோதிங்க, முனைங்கள கப்புல விட்டு, பம்பு நின்னதுக்கப்புறம் ஒரு மணி நேரம் காத்திருந்து பாருங்க.

தண்ணி எவ்வளவு வேணும்? என் பால்கனி அனுபவத்துல உள்ள இழுத்து வச்சப்புறம் எலுமிச்ச 700 மில்லி, செம்பருத்தி 600, மாதுள 400, மல்லி 350, கறிவேப்பில 350, காகிதப்பூ ஆளுக்கு 200, முருங்க 200ன்னு போட்டா நாளைக்கு 3 லிட்டர் வருது, 20 நாளுக்கு 60, ப்ளைட்டு தள்ளிப்போச்சு, உடம்பு சரியில்லன்னு அஞ்சு நாள் சேத்தா 75. உங்க அளவு வேறயா வரும், என் எண்ண அப்படியே எடுக்காதீங்க. 75 லிட்டர்னா 75 கிலோ, அதையும் செவுத்தோரமா பிரிச்சு வைங்க. பைப்புலேர்ந்து நேரா டைமர் போடாம பெட்டித் தண்ணிய நான் விரும்புறதுக்கு இதுவும் ஒரு காரணம், எது கெட்டாலும் வழியப் போறது அந்த 75 லிட்டர்தான், கீழ் வீட்டுக்காரங்க கூரைய நாசம் பண்ணாது.

4 எம்எம் டியூப அப்படியே கனெக்டர்ல திணிக்க கஷ்டமா இருக்கும், சுடுதண்ணியில முனைய அரை நிமிஷம் முக்குனா வழுக்கிக்கிட்டு போகும். எல்லா முனையிலும் ஒரே அளவு தண்ணி வராது, கிட்ட இருக்கறதுலயும் தாழ்வா இருக்கறதுலயும் கூட வரும், தூரத்துல கொறையும், அதனால திருகி அளவு மாத்துற மாதிரி ட்ரிப்பர் (தண்ணி சொட்டுற முனை) வாங்குங்க. ஒவ்வொரு முனையையும் ஒரு காலி மினரல் பாட்டில்ல விட்டு ஒரு தடவ ஓட விடுங்க, வரிசையா வச்சு பாத்தா எந்த சாடிக்கு கூட, எதுக்கு கம்மின்னு கண்ணுலயே தெரியும். எலுமிச்சைக்கு மூணு முனை, செம்பருத்திக்கு ரெண்டு, ஏன்னா ஒரே எடத்துல சொட்டுனா கோக்கோபீட்ல நேரா ஒரு தூண் மாதிரி கீழ எறங்கிரும், பக்கத்து வேருக்கு போகாது. நாளைக்குரிய தண்ணிய ஒரே தடவையா விடாம காலையில பாதி சாயங்காலம் பாதின்னு பிரிச்சு விடுங்க, எல்லா முனையும் சேந்து நிமிஷத்துக்கு 600 மில்லி வருதுன்னா 3 லிட்டருக்கு 5 நிமிஷம், ரெண்டரை ரெண்டரையா போடுங்க. பம்பு வாயில பழைய ஸ்டாக்கிங்ஸ் துணி கட்டுங்க, பெட்டி வெளிச்சம் புகாத நிறமா இருக்கணும், இல்லன்னா கறுப்பு பிளாஸ்டிக் சுத்துங்க, வெளிச்சம் பட்டா பாசி புடிச்சு ரெண்டாவது வாரத்துல ட்ரிப்பர் அடைச்சிரும்.

கரண்டு விஷயம். நம்ம ஊருல ஒரு நல்ல இடி இடிச்சா மெயின் ட்ரிப் ஆயிரும், வீட்டுல ஆள் இல்லன்னா அத தூக்கி விட யாரு இருக்கா? பாதி பேரு ஊருக்கு போறப்ப மெயினையே அடைச்சுட்டு போறாங்க, பம்பு ப்ளக்குல மாட்டியிருக்கறத மறந்துட்டு. பேட்டரியில ஓடுற மாடல் எடுங்க, சோதனை முடிஞ்சதும் புது ஆல்கலைன் பேட்டரி போட்டுட்டு கெளம்புங்க. பவர்பேங்குல மாட்டலாமான்னு கேப்பீங்க, நெறைய பவர்பேங்கு கரண்டு ரொம்ப கம்மியா இழுத்தா போன் முழுசா சார்ஜ் ஆயிருச்சுன்னு நெனச்சு தானா அணைஞ்சிரும், டைமர் தூங்குற நேரத்துல இழுக்கறது அவ்வளவு கம்மி. அதனால உங்க பவர்பேங்கு ஒரு முழு நாள் அணையாம நிக்குதான்னு பாக்காம நம்பாதீங்க.

இப்ப கொசு. இது மரத்த விட முக்கியம், தயவு செஞ்சு அலட்சியமா படிக்காதீங்க. ஏடிஸ் கொசு முட்டையிலேர்ந்து பறக்குற கொசுவா மாறுறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், நீங்க போறது 20 நாள், ஒரு சாடித் தட்டுல தண்ணி நின்னா உங்க ப்ளாக்குக்கே டிங்கி வரும், எங்க தமான்ல (குடியிருப்புல) ஒரு வருஷம் வரிசையா மூணு வீட்டுல ஆஸ்பத்திரிக்கு போனாங்க. சாடிக்கு அடியில இருக்குற தட்டு எல்லாத்தையும் எடுத்துருங்க, எடுத்தா மட்டும் போதாது, பிரஷ் போட்டு தேச்சு கழுவுங்க, ஏடிஸ் முட்டை காஞ்ச தட்டோட ஓரத்துலயே மாசக்கணக்குல உயிரோட ஒட்டியிருக்கும், தண்ணி பட்டதும் பொரிச்சிரும். பெட்டி மூடியில டியூப் போற ஓட்டைய துணியால அடைங்க. தண்ணியில கொசுப்புழுவக் கொல்லுற ஆபேட் மருந்து போடுங்க, பார்மசியில கேட்டாலே தருவாங்க, ஒரு சதவீத மணல் மாதிரி இருக்கறது 100 லிட்டருக்கு 10 கிராம், உங்க 75 லிட்டருக்கு ஏழரை எட்டு கிராம், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. 1975-ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, ஜெந்திக்-ஜெந்திக், அதான் கொசுப்புழு, கண்டுபுடிச்சா சுகாதார இலாகா 500 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம், ஆனா அபராதத்துக்காக நான் சொல்லல, கீழ் வீட்டுல கைக்கொழந்தை இருக்கும்.

தரைவீட்டுல இருக்கறவங்களும் இத படிப்பீங்க, உங்களுக்கு பைப்பு இருக்கும், பைப்புல மாட்டுற டைமர் போதும். ஆனா வாங்குறப்ப உள்ள பால் வால்வா சொலினாய்டு வால்வான்னு கேளுங்க, சொலினாய்டு பல மாடலுக்கு தொறக்க தண்ணி வேகம் வேணும், கூரைத் தொட்டியிலேர்ந்து மெதுவா வர்ற தண்ணிக்கு தொறக்காது, பால் வால்வு மோட்டர்ல திரும்புறது, வேகம் இல்லாட்டியும் தொறக்கும். ஹோஸ் மூட்டு எல்லாத்துக்கும் இரும்பு கிளிப்பு போடுங்க, ராத்திரி ஊரே தூங்குறப்ப தண்ணி வேகம் கூடும், அப்பதான் கழண்டு போகும். தண்ணி வெட்டும் நெனப்புல இருக்கட்டும், 2024 ஜனவரி 10-லேர்ந்து 14 வரைக்கும் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துல வால்வு மாத்துனப்ப பினாங்குல பல எடத்துல தண்ணி இல்ல, மெயின் லைன்ல நேரா மாட்டுன டைமரெல்லாம் நேரத்துக்கு தொறந்து மூடியிருக்கும், வந்தது காத்துதான். மெயின்லேர்ந்து எடுக்காம வீட்டுத் தொட்டியிலேர்ந்து எடுத்தா கொஞ்சம் தாங்கும்.

தேதிய நான் இப்படி போட்டுக் குடுக்குறேன். டிசம்பர் 15-க்குள்ள வெட்டுறது, கழுவுறது முடிங்க. 24-ஆம் தேதிக்குள்ள சாடிய உள்ள நகத்தி, மண்ண நல்லா நனைச்சு, ரெண்டு நாள் அளவு எடுங்க. 27-லேர்ந்து பம்பு மட்டும்தான், நீங்க கைய கட்டிக்கிட்டு பாக்கணும், தெனமும் வெரல ஒரு முட்டி ஆழத்துக்கு மண்ணுல விட்டு பாருங்க, சாடி அடியில நெறைய வழிஞ்சா நேரத்த கொறைங்க, எலை தொங்குனா கூட்டுங்க. பெட்டிக்குள்ள மார்க்கர்ல அஞ்சு நாளுக்கு ஒரு கோடு போட்டு வைங்க, ரெண்டு பெட்டியும் சேத்து 15 லிட்டர் 15 லிட்டரா. ஜனவரி 3-ஆம் தேதி பேட்டரி மாத்தி, முழுசா நெரப்பி, இன்னும் ரெண்டு தடவ ஓடுறத கண்ணால பாத்துட்டு கெளம்புங்க. சாவிய நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட குடுத்து மூணாவது நாளும் பத்தாவது நாளும் மட்டும் வந்து மூடியத் தொறந்து தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதுன்னு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அவங்கள தண்ணி ஊத்தச் சொல்லாதீங்க லா, பாவம் பாத்து ஆடினியத்துக்கும் சேத்து ஊத்திருவாங்க.

திரும்பி வந்ததும் ஏதாவது ஒண்ணு வாடிக் கெடந்தா பதறி வெயில்ல தூக்கி வச்சு உரம் போடாதீங்க. நெழல்லயே வச்சு, சாடிய வாளியில அரை மணி நேரம் முக்கி எடுத்து வடிய விடுங்க. எலையே இல்லன்னாலும் தண்டுல நகத்தால லேசா கீறிப் பாருங்க, தோலுக்கு அடியில பச்சை இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா இருந்தா இன்னும் கீழ கீறுங்க, பச்சை வர்ற எடத்துக்கு மேல வெட்டி விடுங்க. கறிவேப்பில தண்டு முழுக்க காஞ்சிருந்தாலும் சாடிய கொட்டிராதீங்க, மண்ண லேசா ஈரமா வச்சு மூணு மாசம் பாருங்க, வேர்லேர்ந்து வரும். புது எலை ரெண்டு ஜோடி விரிஞ்சப்புறம் உரம் போட்டா போதும்.